வெற்றி ஜோ லூயிக்கு; வசூல் யாருக்கு?

1981-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி இரவு. அமெரிக்காவில் லாஸ்வேகாஸ் நகரில் உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டத்துக்காக லாரி ஹோம்சும் டிரெவர் பெர்பிக்கும் மோதினார்கள். அந்தப் போட்டியைக் காண ஒரு முதியவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவரைக் கண்டதும் கூட்டம் ஆரவாரம் செய்தது. மறுநாள் காலையில் அவர் இருதயம் நின்று இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 66.

அவர்தான் ஜோ லூயி.

1937-ம் ஆண்டு முதல் 1949-ம் ஆண்டு வரை உலகச் சாம்பியனாக இருந்தவர். 11 ஆண்டு 8 மாத காலம் பட்டத்தை விடாமல் வைத்திருந்தார். 25 முறை எதிரிகள் வந்தார்கள். 25 முறையும் பட்டத்தைக் காப்பாற்றினார். வடசென்னையில் ஆங்கிலக் குத்துச்சண்டை கொடிகட்டிப் பறந்த நாட்களில் அவர் பெயரை அறியாத ரசிகர் அபூர்வம்.

அவருடைய போட்டிகளில் அவர் பெயரில் வந்த சம்பளம் மொத்தம் 46 லட்சம் டாலர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் அவர் கைக்கு வந்தது சுமார் 8 லட்சம் டாலர்தான். மீதி எங்கே போயிற்று? ஜோ லூயியின் வாழ்க்கைக் கதையில் பாதி இந்தக் கேள்விக்கான பதில்தான். அவருடைய எதிரிகள் மேடையில் இருந்தார்கள். அவருடைய பணத்துக்குப் பங்காளிகள் மேடைக்குக் கீழே இருந்தார்கள்.

பருத்திக் காட்டில்

ஜோ லூயியின் முழுப்பெயர் ஜோசப் லூயி பாரோ. 1914-ம் ஆண்டு மே 13-ந் தேதி அலபாமா மாநிலத்தில் லபாயட் என்ற ஊருக்கு அருகே பிறந்தார். கறுப்பர் இனத்தவர். தகப்பனார் பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுது பருத்தி பயிரிட்டவர். ஜோ கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பனாருக்குச் சித்தம் கலங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். தாயார் லில்லி மறுமணம் செய்துகொண்டார்.

1926-ம் ஆண்டு குடும்பம் பிழைப்புத் தேடி வடக்கே டெட்ராய்ட் நகருக்குப் போயிற்று. அங்கே மோட்டார் தொழிற்சாலைகள் இருந்தன. திருநெல்வேலியிலிருந்தும் வடஆற்காட்டிலிருந்தும் மூட்டை முடிச்சுடன் தாதரில் வந்து இறங்கியவர்களுக்கு அந்தப் பயணத்தை விளக்கத் தேவை இல்லை. மாற்றுத் தந்தைக்குப் போர்டு கம்பெனியில் வேலை கிடைத்தது. பிறகு பொருளாதார நெருக்கடி வந்து வேலை போயிற்று. குடும்பம் நகரசபையின் உதவிப் பணத்தில் சாப்பிட்டது. ஜோ லூயி சம்பாதிக்கத் தொடங்கியதும், அப்படி வாங்கிய 269 டாலரையும் திருப்பிக் கட்டிவிட்டார். கட்டும்படி யாரும் கேட்கவில்லை.

பையனைத் தச்சுவேலை படிக்க ஒரு தொழிற்பள்ளிக்கு அனுப்பினார்கள். தாயார் வயலின் கற்றுக்கொள்ளக் காசு கொடுத்தார். அந்தக் காசை ஜோ உடற்பயிற்சிக் கூடத்தில் கட்டிவிட்டு, குத்துச்சண்டை பழகினார். 1932-ல் முதல் அமெச்சூர் போட்டி. அதில் 7 தடவை கீழே விழுந்தார். பரிசாக 7 டாலர் மதிப்புள்ள பொருள் சீட்டு கொடுத்தார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு சில மாதம் போர்டு தொழிற்சாலையில் கார் கூடுகளைத் தள்ளும் வேலைக்குப் போனார். பிறகு மீண்டும் கையுறை மாட்டினார். 1934-ல் அமெரிக்க அமெச்சூர் சாம்பியன் ஆனார்.

முதல் கையெழுத்து

அப்போது அவரைத் தேடி வந்தவர் ஜான் ராக்ஸ்பரோ. நல்ல உடை, நல்ல பேச்சு, பெரிய மனிதத் தோற்றம். டெட்ராய்ட்டின் கறுப்பர் பகுதியில் எண் சூதாட்டம் நடத்தி வந்தவர். மும்பையில் மட்கா என்றால் எப்படியோ, ஏறக்குறைய அப்படி. சிகாகோவில் அதே தொழில் செய்த ஜூலியன் பிளாக் என்பவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். இருவரும் ஜோவுக்கு மானேஜர்கள் ஆனார்கள். ஜாக் பிளாக்பர்ன் என்ற பழைய குத்துச்சண்டை வீரரைப் பயிற்சியாளராக அமர்த்தினார்கள்.

வருமானத்தில் சுமார் பாதி மானேஜர்களுக்கு என்று ஒப்பந்தம். இது கொள்ளை என்று இன்று தோன்றலாம். அன்றைக்கு நிலைமை வேறு. சாப்பாடு, தங்குமிடம், பயிற்சி எல்லாவற்றுக்கும் முதலில் செலவு செய்தவர்கள் அவர்கள்தான். வெள்ளையர் மானேஜர்களில் பலர் கறுப்பு வீரர்களைக் காசுக்காகத் தோற்கச் சொல்லுவார்கள். ராக்ஸ்பரோ அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும், 20 வயதுப் பையன் படித்துப் பார்க்காமல் போட்ட கையெழுத்து அது. அவருக்குக் கணக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கவும் இல்லை.

1934 ஜூலை 4-ந் தேதி சிகாகோவில் முதல் தொழில்முறைப் போட்டி. முதல் ரவுண்டிலேயே எதிரியை வீழ்த்தினார். கிடைத்த சம்பளம் 60 டாலருக்கும் குறைவு.

அடுத்த 12 மாதத்தில் எதிரில் வந்தவர்கள் எல்லாரையும் அடித்துப் போட்டார். ஆனாலும் நியூயார்க்கின் கதவு திறக்கவில்லை. அங்கே குத்துச்சண்டையை ஆட்டிவைத்தது மாடிசன் ஸ்கொயர் கார்டன் என்ற அரங்கம். கறுப்பர் ஒருவர் எல்லாப் போட்டியிலும் ஜெயித்துக்கொண்டே போக முடியாது, இடையிடையே தோற்க வேண்டும் என்று கார்டனின் ஆள் போனில் சொன்னாராம். ராக்ஸ்பரோ பதில் பேசாமல் போனை வைத்துவிட்டார் என்பது பிரபலமான கதை. 1915-ம் ஆண்டு ஜாக் ஜான்சன் பட்டத்தை இழந்த பிறகு எந்தக் கறுப்பரையும் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோத விடவில்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

டிக்கெட் வியாபாரி

கார்டனுக்குப் போட்டியாக ஒருவர் முளைத்தார். அவர் பெயர் மைக் ஜேக்கப்ஸ். சிறு வயதில் படகுகளில் தின்பண்டம் விற்றவர். பிறகு நாடக டிக்கெட், குத்துச்சண்டை டிக்கெட் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கி, கூடுதல் விலைக்கு விற்றுப் பணக்காரர் ஆனார். நம் ஊர் சினிமாக் கொட்டகை வாசலில் பிளாக்கில் விற்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அது கடை போட்டு நடத்திய வியாபாரம்.

அவர் "டுவென்டியத் செஞ்சுரி ஸ்போர்ட்டிங் கிளப்" என்று ஒரு நிறுவனம் தொடங்கினார். ஹெர்ஸ்ட் பத்திரிகைகளைச் சேர்ந்த மூன்று எழுத்தாளர்கள் அதில் ரகசியப் பங்காளிகள். போட்டியைப் பற்றி எழுத வேண்டியவர்களே போட்டியின் லாபத்திலும் பங்கு வாங்கினால், பத்திரிகையில் வருவது செய்தியா விளம்பரமா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஜேக்கப்ஸ் டெட்ராய்ட்டுக்கே வந்து ஜோ லூயியைப் பார்த்தார். யாரிடமும் வேண்டுமென்று தோற்க வேண்டியதில்லை, எல்லாரையும் அடித்துப் போடலாம் என்று உறுதி கூறினார். 1935-ல் ஒப்பந்தம் ஆயிற்று. அன்று முதல் ஜோ லூயி ஜேக்கப்சின் மேடையில்தான் ஏறலாம் என்று ஏற்பட்டது.

ஜேக்கப்ஸ் சொன்னபடியே செய்தார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1935 ஜூன் 25-ந் தேதி இத்தாலி நாட்டு ராட்சத வீரர் பிரைமோ கார்னராவை 6-வது ரவுண்டில் ஜோ லூயி வீழ்த்தினார். செப்டம்பர் 24-ந் தேதி மாக்ஸ் பேரை 4-வது ரவுண்டில் வீழ்த்தினார். அன்றைய தினமே மார்வா டிராட்டர் என்ற பெண்ணை மணந்துகொண்டு மேடைக்கு வந்தார். 1936 ஜூன் 19-ந் தேதி மட்டும் சறுக்கியது. ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங் அவரை 12-வது ரவுண்டில் வீழ்த்தினார்.

கோர்ட்டில் நடந்த குத்துச்சண்டை

அப்போது உலகச் சாம்பியன் ஜேம்ஸ் பிராடக். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நெருக்கடிக் காலத்தில் அரசாங்க உதவிப் பணம் வாங்கியவர். ஷ்மெலிங்குடன்தான் மோதுவேன், அதற்கு முன் வேறு யாருடனும் மோத மாட்டேன் என்று மாடிசன் ஸ்கொயர் கார்டனுக்கு அவர் எழுதிக் கொடுத்திருந்தார்.

ஆனால் ஜோ லூயியுடன் மோதினால் வசூல் பல மடங்கு. பிராடக்கின் மானேஜர் ஜோ கூல்ட் ஜேக்கப்சிடம் பேரம் பேசினார். கடைசியில் படிந்த பேரம் இது: பிராடக் கார்டனை விட்டுவிட்டு ஜோ லூயியுடன் மோதுவார். அவர் தோற்றுப் பட்டம் ஜோவுக்குப் போய்விட்டால், அதன் பிறகு 10 ஆண்டுகளுக்கு ஜேக்கப்ஸ் நடத்தும் ஹெவிவெயிட் பட்டப் போட்டிகளின் லாபத்தில் பத்தில் ஒரு பங்கு பிராடக் தரப்புக்கு.

இந்தப் பேரத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 10 ஆண்டுகள் மேடையேறி அடிபடப் போகிறவர் ஜோ லூயி. அந்த 10 ஆண்டு லாபத்தை இருவர் உட்கார்ந்து பங்கு போட்டார்கள். பேரம் பேசிய மேஜையில் ஜோ லூயி இல்லை.

கார்டன் சும்மா இருக்கவில்லை. பிராடக் வேறு மேடையில் ஏறக்கூடாது என்று தடை உத்தரவு கேட்டு நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள மத்திய அரசுக் கோர்ட்டுக்குப் போயிற்று. கார்டனுக்கு நம்பிக்கை இருந்தது. ஏனென்றால், 1931-ல் இதே கார்டன் இதே போன்ற வழக்கில் கார்னராவை ஜெயித்திருந்தது. சாம்பியனுடன் மோதும் வரை ஜாக் ஷார்க்கியுடன் மோத மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்த கார்னரா, ஷார்க்கியுடனேயே போட்டிக்கு ஒப்புக்கொண்டார். அப்போது கோர்ட்டு தடை விதித்தது.

சட்டத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. மேடையில் ஏறிச் சண்டை போடு என்று எந்தக் கோர்ட்டும் ஒரு மனிதனுக்கு உத்தரவு போட முடியாது. வேறு மேடையில் ஏறாதே என்று மட்டும் தடுக்கலாம். அப்படித் தடுப்பதால் அவன் பிழைப்பே கெட்டுவிடுமா என்பதையும் கோர்ட்டு பார்க்கும். பிராடக் எழுதிக் கொடுத்த நிபந்தனையில் காலக்கெடு சரியாக இல்லை. அவர் எத்தனை நாள் சும்மா இருக்க வேண்டும் என்பதற்கு எல்லையே தெரியவில்லை. ஆகவே அது நியாயமற்ற கட்டுப்பாடு என்று கோர்ட்டு தடை உத்தரவு தர மறுத்தது. 1937-ல் அப்பீலிலும் கார்டன் தோற்றது.

நம் நாட்டிலும் 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு, ஒருவரைத் தொழில் செய்ய விடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர்கானுக்கும் மும்பையைச் சேர்ந்த விளம்பர ஏற்பாட்டு நிறுவனம் ஒன்றுக்கும் நடந்த வழக்கில், 2006-ல் சுப்ரீம் கோர்ட்டு இந்தப் பிரிவின்படிதான் தீர்ப்பளித்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் வீரரைக் கட்டிப்போட முடியாது என்று கூறிவிட்டது.

ஜூன் 3-ந் தேதி நியூயார்க்கில் ஒரு வேடிக்கை நடந்தது. வராத பிராடக்குடன் மோதுவதற்காக ஷ்மெலிங் வந்து எடை பார்த்துக்கொண்டார். எதிராளி இல்லை, போட்டியும் இல்லை. ஜூன் 22-ந் தேதி சிகாகோவில் ஜோ லூயி 8-வது ரவுண்டில் பிராடக்கை வீழ்த்தி உலகச் சாம்பியன் ஆனார். அமெரிக்கா எங்கும் கறுப்பர் தெருக்களில் விடிய விடியக் கொண்டாட்டம்.

சரியாக ஓராண்டு கழித்து, 1938 ஜூன் 22-ந் தேதி, ஷ்மெலிங்குக்குப் பதில் சொன்னார். ஹிட்லரின் ஜெர்மனி ஒரு பக்கம், அமெரிக்கா ஒரு பக்கம் என்று உலகமே ரேடியோ முன் உட்கார்ந்திருந்தது. 2 நிமிடம் 4 வினாடியில் சண்டை முடிந்துவிட்டது.

முன்பணம்

செம்பூரிலோ அணுசக்தி நகர்ப் பக்கமோ மேஸ்திரியின் பின்னால் கட்டட வேலைக்கு வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஊரிலேயே முன்பணம் கொடுப்பார்கள். ரயில் செலவு, சாப்பாட்டுச் செலவு, வைத்தியச் செலவு எல்லாம் கணக்கில் ஏறும். முன்பணம் வாங்கியவன் வேறு இடத்துக்குப் போக முடியாது. சீசன் முடிந்து கணக்குப் பார்க்கும்போது கைக்கு வருவது சொற்பம். சில சமயம் பாக்கியே நிற்கும்.

உலகச் சாம்பியனுக்கும் இதே கணக்குத்தான் நடந்தது. ஜோ லூயிக்குப் பணம் வேண்டுமானால் ஜேக்கப்சைக் கேட்பார். அவர் மறுக்காமல் கொடுப்பார். அடுத்த போட்டியில் கழித்துக்கொள்வார்.

ஜோ லூயி மீதும் தப்பு இருக்கிறது. அதை மறைப்பதில் பயன் இல்லை. கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார். கால்ப் ஆட்டத்தில் பந்தயம் கட்டி ஏராளமாகத் தோற்றார். குதிரைப் பண்ணை, சிகாகோவில் இரவு விடுதி, தன் பெயரில் பந்தாட்டக் குழு என்று பணத்தைப் போட்டார். தாயாருக்கு வீடு வாங்கிக் கொடுத்தார். வரவு எவ்வளவு, வரி எவ்வளவு என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா இறங்கியது. 1942 ஜனவரி 9-ந் தேதி நடந்த போட்டியில் கிடைத்த தன் சம்பளம் முழுவதையும் கடற்படையின் நிவாரண நிதிக்குக் கொடுத்தார். மார்ச் 27-ந் தேதி நடந்த போட்டியின் சம்பளத்தை ராணுவ நிவாரண நிதிக்குக் கொடுத்தார். இடையில் தாமே ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். மாதச் சம்பளம் 21 டாலர். சிப்பாய்களுக்காக ஏறத்தாழ 100 காட்சிப் போட்டிகளில் இலவசமாக ஆடினார். ஆனால் நிதிக்குக் கொடுத்த அந்தச் சம்பளத்தையும் அவருடைய வருமானமாகவே வரி இலாகா எழுதிக்கொண்டது.

அதே ஆண்டு பில்லி கானுடன் ஒரு பெரிய போட்டிக்கு ஏற்பாடு நடந்தது. வசூல் ராணுவ நிதிக்கு. ஆனால் அதிலிருந்து முதலில் வீரர்களின் கடனைக் கழிப்பது என்று திட்டத்தில் இருந்தது. ஜோ லூயி ஜேக்கப்சுக்குச் சுமார் 60,000 டாலரும், ராக்ஸ்பரோவுக்குச் சுமார் 41,000 டாலரும் கடன்பட்டிருந்தார் என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. 8 ஆண்டு உழைத்துச் சாம்பியன் ஆனவர், தன்னை வைத்துச் சம்பாதித்தவர்களுக்கே கடன்காரர்! ராணுவ மந்திரி ஸ்டிம்சன் போட்டியை ரத்து செய்துவிட்டார். ராக்ஸ்பரோ சூதாட்ட வழக்கில் சிறைக்குப் போனார்.

1946 ஜூன் 19-ந் தேதி, போர் முடிந்த பிறகு, அந்தப் போட்டி நடந்தது. முன்வரிசை டிக்கெட் 100 டாலர். வசூல் 19 லட்சம் டாலரைத் தாண்டியது. பில்லி கான் 8-வது ரவுண்டில் விழுந்தார். ஜோ லூயியின் பங்கு 6 லட்சம் டாலருக்கு மேல். மானேஜர் பங்கு, ஜேக்கப்ஸ் கடன், மனைவிக்குச் சேர வேண்டியது, பழைய வரி, புதிய வரி எல்லாம் போக மிஞ்சியது சொற்பம். அந்த நாளில் பெரிய வருமானத்தின் மேல்தட்டுக்கு 80 சதவீதத்துக்கும் மேல் வரி.

கை மாறிய ஒப்பந்தம்

இனிமேல் சொல்லப்போவதை ஜோ லூயியின் ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை.

1949-ல் ஜோ லூயிக்கு வயது 35 ஆகப்போகிறது. ஜேக்கப்ஸ் நோயில் படுத்துவிட்டார். ஹாரி மெண்டல் என்ற விளம்பரக்காரரும், ட்ரூமன் கிப்சன் என்ற வக்கீலும் ஒரு யோசனை சொன்னார்கள். ஜோ லூயி பட்டத்தை விட்டு விலகுவது. விலகும் முன், பட்டத்துக்கு அடுத்தபடியாக உள்ள வீரர்களிடம் தனி உரிமை ஒப்பந்தம் வாங்கிவிடுவது. அந்த ஒப்பந்தங்களை நல்ல விலைக்கு விற்பது.

எசார்ட் சார்லஸ், ஜெர்சி ஜோ வால்காட், கஸ் லெஸ்னவிச், லீ சேவல்ட் ஆகிய நால்வரும் ஜோ லூயியிடம் கையெழுத்துப் போட்டார்கள். போட்டி நடத்தும் முதலாளி யாரோ ஒருவர் கேட்டிருந்தால் யோசித்திருப்பார்கள். கேட்டவர் ஜோ லூயி.

அந்த நான்கு ஒப்பந்தங்களையும் ஜேம்ஸ் நாரிஸ், ஆர்தர் விர்ட்ஸ் என்ற இரு முதலாளிகளுக்கு அவர் எழுதிக் கொடுத்தார். சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் பெரிய அரங்கங்கள் அவர்கள் கையில் இருந்தன. மாடிசன் ஸ்கொயர் கார்டனும் அவர்கள் பிடிக்குள் வந்தது. பதிலுக்கு ஜோ லூயிக்குக் கிடைத்தது ஒன்றரை லட்சம் டாலர் ரொக்கம், ஆண்டுக்கு 15,000 டாலர் சம்பளம், இல்லினாய்ஸ் மாநிலத்தில் பதிவான கிளைக் கம்பெனியில் ஐந்தில் ஒரு பங்கு. மார்ச் 1-ந் தேதி அவர் ஓய்வு பெற்றார். இன்டர்நேஷனல் பாக்ஸிங் கிளப் என்ற நிறுவனம் பிறந்தது.

பட்டத்துக்கு மோத வேண்டுமா? ஜெயித்தால் சில ஆண்டுகளுக்கு எங்கள் கிளப்பில்தான் மோதுவேன் என்று முதலில் எழுதிக் கொடு என்றது கிளப். எழுதிக் கொடுக்காத வீரர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் வெளியே நிற்க வேண்டியதுதான். 1949 ஜூன் மாதத்துக்குப் பின் அமெரிக்காவில் நடந்த 21 பட்டப் போட்டிகளில் இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கிளப்பின் கை இருந்தது என்று அரசாங்கம் குற்றம் சாட்டியது.

தொழிலை ஒருவர் கையில் முடக்குவதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் 1952 மார்ச்சில் அரசாங்கம் வழக்குப் போட்டது. குத்துச்சண்டை விளையாட்டு, அது வியாபாரமே அல்ல என்று கிளப் வாதாடியது. முதல் கோர்ட்டில் அந்த வாதம் எடுபட்டது. 1955-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, குத்துச்சண்டை நடத்துவதும் வியாபாரம்தான் என்று கூறி, வழக்கை விசாரிக்க உத்தரவிட்டது. விசாரணையில் குற்றம் நிரூபணம் ஆயிற்று. 1959 ஜனவரி 12-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை உறுதி செய்தது. கிளப்பைக் கலைக்கவும், கார்டனில் உள்ள பங்குகளை விற்கவும் நாரிசும் விர்ட்சும் உத்தரவு பெற்றார்கள். மற்றொரு வீரரின் வருமானத்தில் பங்கு கேட்டு மிரட்டிய வழக்கில் பிராங்கி கார்போ என்ற ரவுடித் தலைவருடன் சேர்ந்து வக்கீல் கிப்சனும் 1961-ல் தண்டனை பெற்றார்.

ஜேக்கப்சின் ஒப்பந்தத்தில் 12 ஆண்டுகளுக்கு மேல் கட்டுண்டு கிடந்த மனிதர், அதே கயிற்றைத் தன் சகத் தொழிலாளிகள் நால்வர் மீது போட உதவினார். பணநெருக்கடி என்று ஒரு காரணம் சொல்லலாம். வக்கீல் சொன்னபடி நடந்தார் என்று சொல்லலாம். இரண்டும் உண்மைதான். ஒன்றரை லட்சம் டாலரை வாங்கிக்கொண்டதும் உண்மைதான்.

அதே மேடையில்

ஒன்றரை லட்சம் கரைந்துவிட்டது. வரி பாக்கி வட்டி போட்டுக்கொண்டே போயிற்று. 1950-ல் ஜோ லூயி மீண்டும் கையுறை மாட்டினார். செப்டம்பர் 27-ந் தேதி எசார்ட் சார்லசுடன் மோதினார். தாமே கையெழுத்து வாங்கிக் கொடுத்த வீரர். தாம் பங்குக்காரராகப் பிறப்பித்த கிளப்பின் மேடை. 15 ரவுண்டு அடி வாங்கிப் புள்ளிகளில் தோற்றார்.

1951 அக்டோபர் 26-ந் தேதி, மாடிசன் ஸ்கொயர் கார்டனில், இளம் வீரர் ராக்கி மார்சியானோவின் எதிரில் நின்றார். வயது 37. தலையில் வழுக்கை தெரிந்தது. 8-வது ரவுண்டில் கயிறுகளுக்கு இடையே வெளியே விழுந்தார். ஜெயித்த மார்சியானோ ஜோ லூயியின் அறைக்குப் போய் அழுதார்.

1953-ல் தாயார் காலமானார். மகனுக்கு அவர் விட்டுப்போன 667 டாலரை வரி இலாகா எடுத்துக்கொண்டது. குழந்தைகள் பெயரில் போட்டு வைத்திருந்த பணமும் போயிற்று. வட்டியும் அபராதமும் சேர்ந்து பாக்கி 10 லட்சம் டாலரைத் தாண்டியது. 1956-ல் ஜோ லூயி மல்யுத்த மேடையில் ஏறினார். வொர்லி வல்லபாய் பட்டேல் ஸ்டேடியத்தில் தாராசிங்கும் கிங்காங்கும் மோதியதைப் பார்த்த பெரியவர்களுக்கு அது எந்த மாதிரி மல்யுத்தம் என்று தெரியும். அதிலும் நெஞ்சில் அடிபட்டு நிறுத்த வேண்டியதாயிற்று.

1960-களின் தொடக்கத்தில் வரி இலாகா இறங்கி வந்தது. பழைய பாக்கியை வற்புறுத்தாமல், அன்றன்றைய வருமானத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும் என்று ஏற்பாடு ஆயிற்று. 1959-ல் அவரை மணந்த மார்த்தா ஒரு வக்கீல். கணக்கு வழக்கு ஒரு ஒழுங்குக்கு வந்தது அவர் வந்த பிறகுதான். லாஸ்வேகாசில் ஒரு பெரிய ஓட்டலில் விருந்தாளிகளைக் கைகுலுக்கி வரவேற்கும் வேலை கிடைத்தது. 1977-ல் இருதய ஆபரேஷனுக்குப் பிறகு சக்கர நாற்காலிதான்.

குத்துச்சண்டை வீரர்களை அளவு மீறிக் கட்டிப்போடும் ஒப்பந்தங்களுக்கு வரம்பு விதித்து, போட்டி நடத்துகிறவர் வசூலில் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார் என்பதை வீரரிடம் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது 2000-ம் ஆண்டில். அதற்கு முகமது அலியின் பெயரை வைத்தார்கள். ஜோ லூயி இறந்து 19 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1981 ஏப்ரல் 21-ந் தேதி அவரை ஆர்லிங்டன் ராணுவ மயானத்தில் அடக்கம் செய்தார்கள். விதிப்படி அவருக்கு அங்கே இடம் இல்லை; ஜனாதிபதி ரீகன் விதியைத் தளர்த்தி அனுமதி கொடுத்தார். இறுதிச் சடங்குச் செலவுக்குப் பணம் அனுப்பியவர்களில் ஒருவர் ஜெர்மனியிலிருந்த மாக்ஸ் ஷ்மெலிங்.